எரிப்பதா, பிரிப்பதா? சுத்திகரிப்பு ஆலையின் மிச்ச வாயு

இருகூர் டெர்மினலுக்கு வரும் பெட்ரோலும் டீசலும் கொச்சி அம்பலமுகல் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து குழாய் வழியாக வருகின்றன. அந்தக் குழாய் இருகூரோடு நிற்பதில்லை, கரூர் வரை போகிறது. நம்ம ஊர் பங்க்கில் டீசல் போடும்போது அந்த ஆலையோடு நமக்கு ஒரு தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது திரவம் மட்டுமா வருது? வாயுவும் வருது. அந்த வாயு எங்கே போகிறது என்று சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருந்தேன். குறிப்புகளை இங்கே போட்டு வைக்கிறேன்.

1966-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு தொடங்கிய ஆலை அது. இன்று 1 கோடியே 55 லட்சம் டன். இந்த மாதிரி ஆலையில் ஏறக்குறைய ஒவ்வொரு பிரிவிலிருந்தும் கொஞ்சம் வாயு வெளியே வரும். ஹைட்ரஜன், மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் எல்லாம் கலந்த கலவை. எந்தப் பிரிவு என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். ஆலையில் பெரிய பெரிய உலைகள் இருக்கின்றன, அவற்றுக்குத் தீ வேண்டும். அதனால் பழைய வழக்கம் சுலபமானது: எல்லா வாயுவையும் ஒரே குழாயில் சேர்த்து உலைக்கு அனுப்பிவிடுவது. அதற்கு ஃபியூயல் கேஸ் என்று பெயர். உலைக்கும் அதிகமாகிவிட்டால் உயரமான ஃப்ளேர் கம்பத்தில் எரியும்.

இதை மில்காரர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கோம்பர் மெஷினில் விழும் நாயிலை யாராவது பாய்லரில் போட்டு எரிப்பார்களா? அது ஓ.இ. மில்லுக்கு விலைக்குப் போய் வேற நூலாகிறது. ஆலை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜனும் புரோப்பேனும் அந்த நாயில் மாதிரிதான். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நாயிலை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் வேறு எதையும் வைக்க வேண்டியதில்லை. ஃபியூயல் கேஸிலிருந்து எதையாவது எடுத்தால், உலைக்கு அந்தச் சூட்டை வேறு எதிலிருந்தாவது கொடுத்தாகணும். மீட்பு லாபமா இல்லையா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. பல கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

முதலில் ஹைட்ரஜன். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 எரிபொருள் வந்தது. பி.எஸ்.4 டீசலில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை கந்தகம் இருக்கலாம், பி.எஸ்.6-ல் 10 பங்குதான். அந்தக் கந்தகத்தை வெளியே எடுப்பது ஹைட்ரஜனின் வேலை. வினையூக்கி மேல் அதிக அழுத்தத்தில் டீசலோடு சேர்த்து அனுப்பினால் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாகப் போகும். ஆக ஆலைகளின் ஹைட்ரஜன் பசி ஏறிவிட்டது. இந்த ஹைட்ரஜனைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவையோ நாப்தாவையோ நீராவியோடு வினைபுரிய வைத்துத் தயாரிக்கிறார்கள். இப்படிச் செய்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். ஒரு பக்கம் இப்படிப் பாடுபட்டுச் செய்கிறார்கள், இன்னொரு பக்கம் ஃபியூயல் கேஸில் ஹைட்ரஜன் எரிந்துகொண்டிருக்கிறது. கேட்டாலே வயிறு எரியும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கணும். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் சூடு, அதே அளவு மீத்தேன் தருவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எனவே அதை உலையிலிருந்து எடுத்தால் பதிலுக்கு 0.3 கன மீட்டர் மீத்தேன் போட வேண்டும். அதே ஹைட்ரஜனை மீத்தேனிலிருந்து புதிதாகத் தயாரிக்க, தீவனமும் எரிபொருளும் சேர்த்து சுமார் 0.4 கன மீட்டர் ஆகும். மிச்சம் 0.1 தான். பிரிக்கிற கருவிக்கும் கம்ப்ரஸருக்கும் ஆகும் செலவை அதிலிருந்துதான் எடுக்கணும். ஃப்ளேரில் வீணாகப் போன வாயு என்றால் கதையே வேறு, கிடைப்பது அத்தனையும் லாபம். ஹைட்ரஜன் பிளான்ட் முழுத் திறனில் ஓடித் திணறும்போதும் மீட்பு கைகொடுக்கும், புதுப் பிளான்ட் போடும் செலவைத் தள்ளிப்போடலாம்.

பிரிக்கும் முறைகளில் இரண்டு நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது அரசு மருத்துவமனைகளில் பி.எஸ்.ஏ. ஆக்சிஜன் பிளான்ட் வைத்தார்களே, ஞாபகம் இருக்கா? ஜியோலைட் நிரப்பிய தொட்டியில் காற்றை அழுத்தினால் நைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். அழுத்தத்தைக் குறைத்தால் ஒட்டியது கழன்றுவிடும். ஆலையிலும் அதே பி.எஸ்.ஏ. தான். ஹைட்ரஜன் எதிலும் அவ்வளவாக ஒட்டாது, மற்றதெல்லாம் ஒட்டும். 99.9 சதவீதத்துக்கும் மேல் சுத்தமாகக் கிடைக்கும். ஆனால் ஹைட்ரஜனில் ஒரு பகுதி, பத்தில் ஒன்றோ அதற்கு மேலோ, கழிவு வாயுவோடு திரும்ப உலைக்கே போய்விடும்.

இன்னொன்று சவ்வு. திருப்பூர் சாயப்பட்டறைகளில் 2011 ஜனவரி உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆர்.ஓ. சவ்வு எவ்வளவு பரவியது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாயுவுக்கும் அப்படி ஒன்று உண்டு: தலைமுடி மாதிரி மெல்லிய, உள்ளே குழலான பாலிமர் இழைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி, ஹைட்ரஜனை வேகமாக ஊடுருவ விடுவார்கள். சிக்கல் என்னன்னா, சவ்வைத் தாண்டும்போது ஹைட்ரஜன் தன் அழுத்தத்தை இழந்துவிடும். டீசல் பிரிவுக்கு அனுப்பத் திரும்ப அழுத்தணும். மூன்றாவது வழி, குளிரவைத்துப் பிரிப்பது. மீத்தேன் மைனஸ் 161 டிகிரியில் கொதிக்கும், ஹைட்ரஜன் மைனஸ் 253-ல். இடைவெளி பெரியது, அதனால் பிரிப்பு நன்றாக நடக்கும். ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் முன்னாடியே எடுக்காவிட்டால் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

புரோப்பேன், பியூட்டேன் விஷயத்தில் இவ்வளவு குளிர் தேவையில்லை. வாயுவைச் சுமார் 15 மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்கி, ஒரு கோபுரத்தில் லேசான பெட்ரோல் போன்ற திரவத்தை மேலிருந்து ஊற்றினால் இவை அதில் கரைந்துவிடும். பிறகு சூடாக்கிப் பிரித்துக்கொள்ளலாம். இங்கேதான் வெயில் வேலையைக் காட்டும். சித்திரையில் குளிர்விக்கும் தண்ணீரே சூடாக வரும், கோபுரம் சூடாகும், கரைவது குறையும், புரோப்பேன் நழுவி ஃபியூயல் கேஸுக்குப் போகும். ஐஸ் தண்ணீர் மாதிரி குளிர்ந்த நீரை ஓட்டும் சில்லர் வைத்தால் இதில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: மணிக்கு ஒரு டன் நழுவுகிறது என்றால், 14.2 கிலோ சிலிண்டரில் நாளொன்றுக்கு கிட்டத்தட்ட 1,690 சிலிண்டர்.

சூடு என்று மட்டும் பார்த்தால் இதிலும் பெரிய லாபம் கிடையாது. ஒரு கிலோ எல்.பி.ஜி.யை எடுத்தால் பதிலுக்கு 900 கிராமுக்குச் சற்று மேல் மீத்தேன் எரிக்கணும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. மீத்தேன் சாதாரண வெப்பநிலையில் சிலிண்டருக்குள் திரவமாக அடங்காது, எல்.பி.ஜி. மிதமான அழுத்தத்திலேயே அடங்கும். இந்தியா தன் எல்.பி.ஜி. தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. இயற்கை எரிவாயுவும் ஓரளவு இறக்குமதிதான் (கொச்சி புதுவைப்பில் கப்பலில் இறங்குகிறது), ஆனாலும் ஒன்று உலைக்கு, மற்றது அடுப்புக்கு என்று பிரித்துக்கொள்ள முடிகிறது. புரோப்பிலீன் இன்னும் ஒரு படி மேல். அம்பலமுகலில் 2021 பிப்ரவரியில் திறந்த பெட்ரோகெமிக்கல் வளாகம் அதை அக்ரிலிக் அமிலமாகவும் அக்ரிலேட்டுகளாகவும் மாற்றுகிறது. பெயின்ட்டுக்கும் பசைக்கும் போகக்கூடிய சரக்கு. அதை உலையில் போடுவது கோம்பர் நாயிலை அல்ல, நல்ல பஞ்சையே எரிப்பது. ஹைட்ரஜனுக்குத்தான் இப்போது பேச்சு அதிகம். என்னைக் கேட்டால் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை புரோப்பேனும் புரோப்பிலீனும் நழுவும் இடம்தான்.

பசுமை ஹைட்ரஜன் வந்துவிட்டால் இந்த மீட்பெல்லாம் தேவையில்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். 2023 ஜனவரியில் மத்திய அரசு அதற்கு 19,744 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது உண்மை. ஆனால் தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக வரும் 100 யூனிட்டில் இரண்டு கிலோ கூட வராது. ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கும் வாயுவிலிருந்து பிரிக்க அதில் சிறு பங்கு போதும். பல்லடம், உடுமலைக் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் செய்யும் நாள் வந்தாலும், கச்சா எண்ணெய் காய்ச்சும் வரை அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும்.