கூதிர்காலத்து இல்லம்

மேனாட்டில் இலையுதிரும் காலம் நமக்குக் கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும். சென்னை வட்டாரம் ஆண்டில் பெறும் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பொழிகிறது.

எண்ணூர்க் கழிமுகத்தை அடுத்த அத்திப்பட்டில், இரு சிறு குழந்தைகள் உள்ள ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கொடியில் இட்ட துணி இரண்டு நாளாகியும் உலரவில்லை. காற்றே ஈரத்தால் நிறைந்திருக்க, துணியின் ஈரம் எங்கே போகும்? மூத்தது வாசலில் காகிதக் கப்பல் விடுகிறது. இளையது தூளியில் உறங்குகிறது. இரவில் தவறாது கொசுவலை கட்டுகிறாள் அன்னை. ஆனால் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் அன்றோ கடிக்கிறது! பகல் தூளிக்கும் வலை வேண்டும்.

அக்கொசு பெரும்பாலும் சாக்கடையை நாடுவதில்லை. குடத்திலும் தொட்டியிலும் கொட்டாங்குச்சியிலும் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாள் ஆகும். ஆதலால்தான் வாரம் ஒருமுறை கழுவச் சொல்கிறார்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது; உட்சுவரைத் தேய்க்க வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தும், மீண்டும் நீர் பட்டால் பொரிக்கும். கொட்டாங்குச்சிகளைக் கவிழ்க்கும் வேலையை மூத்த குழந்தையிடமே விடலாம். அதற்கு அது விளையாட்டு.