மழலை மனமும் மரணச் செய்தியும்

இறப்பு நேர்ந்த வீட்டில் வருவோர் போவோர் அனைவரையும் கவனிக்கும் நாம், தூணைப் பற்றிக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுக் குழந்தையைக் கவனிப்பதில்லை. ‘பாட்டனார் எங்கே?’ என அது வினவினால், ‘வெளியூர் சென்றிருக்கிறார்’ என்றோ ‘உறங்குகிறார்’ என்றோ கூறி, அடுத்த வீட்டிற்கு அனுப்பிவிடுகிறோம். அன்பினால் செய்வதே இது. ஆயினும், உறங்கியவர் எழவில்லை என்று கண்ட குழந்தை அன்றிரவு தான் உறங்க அஞ்சுமாயின், அவ்வச்சத்தை விதைத்தவர் நாமே அல்லவா? வெளியூர் சென்றவர் தன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் சென்றதேன் என்று அது ஏங்குமாயின் என்ன விடை கூறுவோம்?

அங்கேரி நாட்டு உளவியலறிஞர் மரியா நாகி, 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் இறப்பைக் குறித்து உசாவித் தம் ஆய்வை 1948ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் இறப்பை ஒரு பயணமாகவோ உறக்கமாகவோ கருதுவதை அவர் கண்டார். குழந்தையிடம் முன்னரே உள்ள மயக்கத்தை நம் மழுப்பல் மொழிகள் வலுப்படுத்துகின்றன என்பது இதனால் போதரும்.

கதை துணைநிற்பது இவ்விடத்தில்தான். தன் துயரைச் சொல்ல மொழி வாய்க்காத குழந்தை, கதையில் வரும் பறவையின் துயரைப் பற்றித் தயங்காது பேசும்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் குழந்தைகள் நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்று. 1969இல் அந்நிகழ்ச்சி தொடங்கிய நாள் முதல் ஹூப்பர் என்ற கடைக்காரராக நடித்துவந்த வில் லீ, 1982 டிசம்பரில் காலமானார். வேறொரு நடிகரைக் கொண்டுவந்திருக்கலாம். கடைக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார் என்றும் சொல்லியிருக்கலாம். அமைப்பாளர்கள் அவ்விரண்டையும் விலக்கினர். உளநூல் வல்லுநர்களைக் கலந்து கதை எழுதி, பெற்றோர் வீட்டிலிருக்கும் விடுமுறை நாளான 24.11.1983 அன்று ஒளிபரப்பினர்.

அக்கதையில், ஆறு வயதுக் குழந்தையின் உள்ளம் கொண்ட ‘பிக் பேர்ட்’ என்னும் பெரிய மஞ்சள் பறவை, தன் நண்பர்களின் படங்களை வரைந்து அவரவர்க்கு வழங்குகிறது. எஞ்சியது ஹூப்பரின் படம். அவர் இறந்துவிட்டார் என்று நினைவூட்டியபோது, திரும்பி வந்ததும் கொடுப்பேன் என்கிறது பறவை. இறந்தவர் திரும்பி வருவதில்லை என்று பெரியவர்கள் சொல்கின்றனர். இனித் தனக்குத் தீனி கலந்த பால் தருவார் யார், கதை சொல்வார் யார் என்று அது கலங்குகிறது. இனி எதுவும் முன்போலிராதே என வருந்துகிறது. ‘ஆம், முன்போலிராது’ என்றே அவர்களும் ஒப்புக்கொள்கின்றனர். ஏன் இப்படி என்ற வினாவிற்கோ அவர்களால் காரணம் கூற இயலவில்லை. இவ்விடமே எம் நெஞ்சைத் தொட்டது. விடை அறியாத இடத்தில் அறிந்தவர்போல் பேசாமையும் குழந்தைக்கு நாம் செய்யும் மரியாதை அல்லவா?

நோயால் இறந்தார் என்று அக்கதை சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. அவ்வாறு சொன்னால் மறுநாள் காய்ச்சலில் படுக்கும் குழந்தை தானும் இறப்போமோ என்று நடுங்கக்கூடும்.

இறந்தவர் உயிர்பெற்று எழும் கதைகள் நம் பாட்டிமாரிடம் பல உண்டு. அவை சுவையானவை, துயருற்ற குழந்தைக்கு அந்நாளில் ஏற்றவையல்ல. இ. பி. ஒயிட் 1952இல் எழுதிய ‘சார்லட்டின் வலை’ வேறுவகையினது. தன்னைக் காத்த சிலந்தி இறந்தபின், அதன் முட்டைப்பையைக் காத்து நிற்கிறது பன்றிக்குட்டி. இளவேனிலில் குஞ்சுகள் வெளிவந்தும், தாய்ச்சிலந்தியின் இடத்தை எதுவும் நிரப்பவில்லை என்று ஆசிரியர் மறையாது சொல்கிறார்.

கதை சொல்லி முடித்ததும் விளக்கவுரை வேண்டா. குழந்தை வாளா இருந்தால் நாமும் இருக்கலாம். சிலவேளை அது உடனே விளையாட ஓடிவிடும்; துயரம் இல்லை என்பது அதன் பொருளன்று. மறுநாள் வந்து, அந்தப் பறவை படத்தை என்ன செய்தது என்று கேட்கும். தன் கூட்டின் அருகே மாட்டி வைத்துக்கொண்டது என்று சொல்லலாம். கதையில் அவ்வாறே உள்ளது.