அலை மின்சாரம்: 150 கிலோவாட் நிலையம் ஆய்வகத்தில் 2 வாட்டாகச் சுருங்குவது ஏன்?

திருவனந்தபுரம்: தமிழக எல்லையையொட்டிய பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரையில்தான் நாட்டின் முதல் கடல் அலை மின் நிலையம் செயல்பட்டது. சென்னை ஐஐடி வடிவமைத்த இந்த 150 கிலோவாட் நிலையம், விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுக அலைதடுப்புச் சுவரையொட்டி 1991-இல் இயங்கத் தொடங்கியது. அலை ஆற்றல் கருவியை ஆய்வக அளவில் வடிவமைக்கும் பொறியியல் மாணவர்களுக்கு இது இன்றும் பயனுள்ள எடுத்துக்காட்டு.

எவ்வாறு இயங்கியது?

கடலில் நிறுவப்பட்ட கான்கிரீட் அறைக்குள் அலை புகும்போது நீர்மட்டம் உயர்ந்து, மேலுள்ள காற்றை வெளியே தள்ளும். அலை பின்வாங்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் ஒரே திசையில் சுழலும் 'வெல்ஸ்' விசையாழி மின்னாக்கியை இயக்கும்.

மாதிரியில் என்ன மாறும்?

நீளங்களை 25-இல் ஒரு பங்காகக் குறைத்தால், 2 மீட்டர் அலை 8 செ.மீ. ஆகும். அலையின் கால இடைவெளியோ 5-இல் ஒரு பங்காக மட்டுமே குறையும். 10 விநாடி 2 விநாடியாகும். ஆனால், 'ஃப்ரூட்' விதிப்படி திறன் 78,125 மடங்கு குறைந்துவிடும். எனவே, 150 கிலோவாட் என்பது சுமார் 1.9 வாட் மட்டுமே.

இச்சிறு திறனைச் சிறிய விசையாழியின் உராய்வே விழுங்கிவிடக்கூடும். ஆகவே ஆய்வகங்களில் விசையாழிக்குப் பதிலாகத் துளையிட்ட தகட்டைப் பொருத்தி, காற்றழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் அளவிடுவது வழக்கம். இவ்விரண்டின் பெருக்கமே கிடைக்கும் திறன்.

வளிமண்டல அழுத்தத்தைச் சுருக்க முடியாது என்பது மற்றொரு சிக்கல். பெரிய நிலையத்தில் காற்று சுருள்வில்லைப் போல் அழுங்கி விரியும். சிறு மாதிரியில் இவ்விளைவு ஏறக்குறைய மறைந்துவிடும். இதனை ஈடுசெய்ய, 25-இல் ஒரு பங்கு மாதிரியின் காற்றுக் கொள்ளளவை வடிவ விகிதத்தைவிட 25 மடங்கு அதிகரிக்க வேண்டும். கூடுதல் காற்றுக்கலனை இணைத்து இதைச் செய்யலாம். இதைத் தவிர்த்தால், ஆய்வக முடிவு உண்மை நிலையத்தின் திறனைத் தவறாகக் காட்டக்கூடும்.

கடலில் அடுத்த கட்டம்

விழிஞ்ஞம் நிலையத்தின் மின்சாரம் 2004-இல் கடல்நீரைக் குடிநீராக்கவும் பயன்படுத்தப்பட்டது. 2011-இல் நிலையம் மூடப்பட்டது. 2022 நவம்பரில் தூத்துக்குடி கடற்கரையிலிருந்து 6 கி.மீ. தொலைவில், 20 மீட்டர் ஆழப் பகுதியில், சென்னை ஐஐடியின் 'சிந்துஜா-1' கருவி சோதிக்கப்பட்டது. அதன் திறன் 100 வாட்.

ஆய்வக மாதிரியின் மதிப்பு, அது விளக்கை எரியவைக்கிறதா என்பதில் இல்லை. அதில் பெறப்படும் அளவீடுகளைக் கொண்டு பெரிய நிலையத்தின் செயல்பாட்டை முன்கூட்டியே கணிக்க முடிகிறதா என்பதே முக்கியம்.