கரும்பலகைக் கணக்கு – 17: எந்தத் தாளைக் குறைக்கலாம்?

முதலில் ஒரு கணக்கு. பிரிவுக்கு 40 பிள்ளைகள், மூன்று பிரிவு, வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். ஆளுக்கு ஒரு ஏ4 தாளில் கேள்வி அடித்துக் கொடுத்தால் 30 வாரத்துக்கு 3,600 தாள். ஏ4 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் தாள் என்றால் ஒன்று 5 கிராம். ஆக 18 கிலோ. ஏழு ரீம் தீர்ந்து எட்டாவதைப் பிரித்திருப்போம். இது கேள்விக்கு மட்டும்தான். விடை எழுதும் தாள் தனி.

காகிதத்தைக் குறைப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாலே யாராவது மரத்தைக் கொண்டுவந்து விடுவார்கள். நம் ஊர் நிலைமை கொஞ்சம் வேறு. கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு காகித ஆலை, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்தே காகிதம் செய்கிறது. மரத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டே இந்த விஷயத்தைப் பேசலாம். ஆசிரியருக்கு உண்மையில் போவது ஜெராக்ஸ் கடையில் நிற்கும் நேரமும், பல சமயம் சொந்தப் பணமும், மூன்றாவது முறையாக அதே மதிப்பெண்ணை எழுதும் கைவலியும்தான்.

‘பேப்பரே இல்லாத வகுப்பறை’ என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்கிறார்கள். வேறு பாடத்துக்கு எப்படியோ, கணக்குக்கு அது ஆகாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 மதிப்பெண்ணில் 14 மட்டுமே ஒரு மதிப்பெண் வினா. மீதி 86-ம் படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டியவை. அதில் 16 மதிப்பெண், கவராயமும் பென்சிலும் கிராஃப் தாளும் வைத்துப் போடும் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும். ஒரு பிள்ளை எந்த வரியில் தடுக்கி விழுந்தது என்று தெரிய வேண்டுமானால், அது எழுதி, அடித்து, திரும்ப எழுதிய தாள் நம் கையில் இருக்க வேண்டும். பிள்ளையின் ரஃப் நோட்டில் கை வைக்காதீர்கள். குறைய வேண்டியது நம்முடைய காகிதம்.

குறைப்பதற்குக் கணினியே வேண்டாத வழி ஒன்று இருக்கிறது. ஏ4 தாளின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் 1 : √2. அதன் நீளம் பாதியாகும்படி குறுக்கே சரிபாதியாக வெட்டினால் கிடைக்கும் ஏ5-க்கும் அதே விகிதம்தான். ஜெராக்ஸ் மிஷினில் 71 சதவீதம் என்று ஒரு பட்டன் இருப்பது இதனால்தான். 1-ஐ √2-ஆல் வகுத்தால் 0.707 வரும். அந்தப் பட்டனை அழுத்தினால் இரண்டு கேள்வித்தாள் ஒரே ஏ4-இல் ஓரம் வீணாகாமல் உட்காரும். 18 கிலோ 9 கிலோவாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறா எண் நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள், √2 எதற்கு என்று அப்புறம் யாரும் கேட்கமாட்டார்கள்.

மீதி 9 கிலோவிலும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கான தாள் முழுவதையும் நிறுத்திவிடலாம். கூகுள் ஃபார்ம்ஸ் இருக்கிறதே என்பீர்கள். வீட்டில் ஆளுக்கொரு போன் இருந்தால் சரி. அரசுப் பள்ளியில் அப்பாவின் போன் இரவு எட்டு மணிக்குத்தான் வீட்டுக்கு வரும். அதற்கும் அக்கா, தம்பி என்று வரிசை நிற்கும். இந்த இடத்துக்குப் பொருத்தமானது பிளிக்கர்ஸ். அமெரிக்காவில் கணித ஆசிரியர் ஒருவர் உருவாக்கியது. பிள்ளைக்குப் போன் வேண்டாம், ஒரு அட்டை போதும். அட்டையில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு கறுப்பு வடிவம். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. தன் விடை மேல்பக்கம் வரும்படி பிள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒரு வீச்சு காட்டினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு. அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அதேபோல் பிடிப்பதில் பலனில்லை.

செய்ய வேண்டியது, ஜூனில் ஒருமுறை கெட்டி அட்டையில் அடித்து, பின்பக்கம் வரிசை எண் எழுதிக் கொடுப்பது. பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் கேமரா திணறும். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி-க்குப் பக்கத்தில் அ, ஆ, இ, ஈ என்று பேனாவால் எழுதிவிடுங்கள். கேள்வியைக் கரும்பலகையிலேயே எழுதலாம். கடைசி பெஞ்சில் எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகளும் அட்டையைத் தூக்குவார்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். காகிதம் மிச்சமாவது அப்புறம்.

அடுத்து மதிப்பெண். பெரும்பாலோர் எக்செல்லில் பெயருக்கு எதிரே மொத்தத்தை மட்டும் போட்டு வைக்கிறோம். அது பழைய மதிப்பெண் பதிவேட்டைக் கணினிக்குள் தூக்கி வைத்தது, அவ்வளவுதான். கேள்விக்கு ஒரு பத்தி போடுங்கள். சரி என்றால் 1, தப்பு என்றால் 0. அடியில் பத்தியைக் கூட்டினால் எந்தக் கேள்வி வகுப்பையே கவிழ்த்தது என்று தெரியும். உதாரணத்துக்கு 7 − (4 − 9). விடை 12. அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ள மைனஸ் 4-க்கு மட்டும்தான் என்று நினைக்கும் பிள்ளை −6 என்று எழுதும். அந்தப் பத்தி முழுக்க 0 இறங்கியிருந்தால், மறுநாள் பல்லுறுப்புக் கோவைகளின் கழித்தலைத் தொடங்காதீர்கள். ஒரு பீரியட் அடைப்புக்குறியோடு இருங்கள். தாள் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. எக்செல்லில் பின்னத்தைத் தட்டினால் அது தேதியாக்கிவிடும். 3/4 என்று அடித்தால் ஏப்ரல் 3 வந்து நிற்கும். 22/7 அடித்தால் ஜூலை 22. தோராயமான பை தினம் என்று உலகில் சிலர் கொண்டாடுவதும் அந்த நாளைத்தான். எக்செல் அதை அறிந்து செய்வதில்லை. அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிட்டு அடியுங்கள்.

கேள்வி வங்கியை ஒழுங்கு செய்வதில்தான் பலர் களைத்துப் போகிறார்கள். பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். போனில் திறந்தால் அர்த்தமில்லாத எழுத்துகளாகக் கொட்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணை போட்டது. பள்ளிக்கூடத்துப் பென்டிரைவ்களுக்கு அந்த ஆணை இன்னும் போய்ச் சேரவில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மென்பொருளில் மாற்றலாம். மாற்றியதும் அடுக்குகளைச் சரிபார்க்க வேண்டும். வெறும் எழுத்தாக ஒட்டும்போது 5² என்பது 52 ஆகிவிடும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-07-14 என்று தொடங்குங்கள். கணினி தானாகவே தேதி வாரியாக அடுக்கும். ‘நியூ’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று வைத்தால் அரையாண்டு நெருக்கத்தில் எதுவும் கிடைக்காது.

ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் பற்றித் தனியாக ஒரு வாரம் எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாட்டில் அதற்கான சுட்டி இருக்கிறது. இருபடிச் சமன்பாட்டின் கெழுவை மாற்றினால் வளைவு எப்படி விரிகிறது, சுருங்குகிறது என்று காட்ட ஐந்தாறு கிராஃப் தாள் வேண்டாம். தேர்வுக்கான வரைபடத்தைப் பிள்ளை கையால் போட்டுப் பழகட்டும்.

இத்தனை செய்தும் ஆசிரியர் மேசையில் தாள் குறையவில்லை என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. வருகையைக் கல்வித்துறையின் எமிஸ் செயலியில் போட வேண்டும். பல பள்ளிகளில் பதிவேட்டிலும் போட வேண்டும். மதிப்பெண்ணை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றியதை பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

“ஏற்றியாச்சே சார், பிரிண்ட் எதுக்கு?”

“யாராவது ஆய்வுக்கு வந்தா காட்டணும்ல, டீச்சர்.”

இந்த உரையாடல் நடக்காத ஆசிரியர் அறை இருந்தால் எனக்கு எழுதுங்கள், சந்தோஷப்படுவேன். கேட்பவர் மேலும் தப்பில்லை, சொல்பவர் மேலும் தப்பில்லை. இரண்டும் வேண்டும் என்று எங்கோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இருவரும் அவருக்குப் பயப்படுகிறார்கள். இது தொழில்நுட்பத்தால் தீருகிற விஷயம் அல்ல. ஒரு கையெழுத்தால் தீரும்.

தலைமையாசிரியர்களுக்கும் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு விவரம் இணையத்தில் இருந்தால் அதைத் திரையிலேயே பாருங்கள், காகிதத்தில் கேட்காதீர்கள். காகிதத்தில்தான் வேண்டுமென்றால் இணையத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். இரண்டில் எது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எங்களுக்கு எதுவானாலும் சம்மதம்.

(தொடரும்)