திருநெல்வேலி ஏன் கிறுக்கலாகிறது?

திருநெல்வேலி மாவட்டத்தின் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் அதை வலைப்பக்கமாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் தமிழ் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிரவுசரிலோ 'திருநெல்வேலி' இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏன்?

நாம் ஆறெழுத்தாக எண்ணும் இப்பெயர் யூனிகோடில் 12 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 36. 'த' என்றால் 224, 174, 164. பக்கத்தை லத்தீன் என்று நம்பும் பிரவுசர், ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கிறது: 224 சாய்கோட்டு 'ஏ', 174 வட்ட 'ஆர்'. தமிழ் அழிந்துவிடவில்லை, தவறாகப் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

ஸ்டைல்ஷீட்டின் அவுட்புட் கட்டளையில் யூடிஎஃப்-8 என்று எழுதுவது முதல் வேலை. பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சர்வர் அனுப்பும் ஹெட்டர் வேறொன்றைச் சொன்னால், பக்கத்துக்குள் இருக்கும் அறிவிப்பை விட்டுவிட்டு பிரவுசர் அதைத்தான் நம்பும். ஆகவே ஹெட்டரையும் திருத்துங்கள். சர்வரைத் தொட அனுமதி இல்லையா? அவுட்புட்டை ஆஸ்கி என்று கொடுங்கள். 'த' 2980 என்ற எண்குறியாகப் போய்ச் சரியாகத் தெரியும்.

டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் உள்ள கோப்புகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுவிட்டது. உங்கள் ஊர் ஆவணங்கள் இன்னும் பழைய எழுத்துருவில் கிடந்தால், தாமதிக்காமல் மாற்றிவிடுங்கள்.