சாலை வேலை முடிந்தாலும் சேமிப்பு நிற்கும்



புதுச் சாலை போடும் வேலை சில மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் மழை வருஷா வருஷம் வரும். பள்ளம் விழும், ஓரம் கரையும். அதனால் பராமரிப்பு வேலை ஓயாது. வங்கதேசத்தில் இதையே ஏழைப் பெண்களுக்கான வேலையாக்கினார்கள்.

அங்கே 1983-ல் அரசும் கேர் தொண்டு நிறுவனமும் கனடா நாட்டு உதவியோடு கிராமச் சாலைப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கின. அது 20 ஆண்டுக்கு மேல் நடந்தது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள் தேர்வானார்கள். நம் ஊராட்சி போல அங்கே 'யூனியன்' உண்டு. யூனியனுக்கு 10 பெண்கள். சுமார் 24 கிலோமீட்டர் மண்சாலை அவர்கள் பொறுப்பு. பள்ளத்தில் மண் போட்டு இடிப்பது, ஓரச் சரிவைச் சரிசெய்வது, தண்ணீர் வடிய வழி விடுவது இவைதான் வேலை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். கூலியில் ஒரு பகுதி கட்டாய சேமிப்பாகப் போனது. பிற்காலத்தில் ஒருவருக்கு நான்கு ஆண்டுதான் வேலை என்று வரம்பு வைத்தார்கள். அதற்குள் சிறுதொழில் பயிற்சியும் தந்தார்கள். வேலை முடிந்ததும் சேமிப்பை முதலாகப் போட்டு ஆடு, கோழி வளர்ப்பு, சிறு வியாபாரம் என்று தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு அடுத்த ஏழைப் பெண்கள் வந்தார்கள்.

குழுக்களுக்கு வரும்போதெல்லாம் நாங்கள் சொல்வதும் இதுதான்: கூலி ஒருநாள் நின்றுவிடும், அடுப்பு எரிய வேண்டுமே! சாலை வேலையோ ஏரி வேலையோ, கூலி வந்த வாரமே எவ்வளவு சேமிப்பது, அதை வைத்து என்ன தொழில் செய்வது? அடுத்த கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.