உணவும் உடல் வாடையும்

குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து நெய்பவருக்கும், பங்குனி சித்திரை வெயிலில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குபவருக்கும் வியர்வை புதிதன்று. ஆயினும், ஒரே கொட்டகையில் பலர் சேர்ந்து வேலை செய்யுமிடத்தும், சங்கக் கூட்டத்தில் நெருங்கி அமருமிடத்தும், ஒருவர் மேனியில் வீசும் வாடை மற்றவருடைய முகச்சுளிப்புக்குக் காரணமாகிவிடுகிறது. அதனால் மனம் நொந்தவர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவதும், யாரோ சொன்னார் என்று பருப்பையும் முட்டையையும் விட்டு உடல் மெலிவதும் உண்டு. ஆகவே, உணவுக்கும் உடல் வாடைக்கும் உள்ள தொடர்பு எத்தகையது, அதற்குரிய எளிய பரிகாரம் யாது என்பவற்றை வரதராஜன்பேட்டை வட்டாரத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

வாடையின் பிறப்பிடம்

நம் தோலில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து வரும் வியர்வையில் பெரும்பகுதி நீரும் சிறிது உப்புமேயாம். அதற்கு வாடை மிகக் குறைவு. அக்குளிலும் அரையிலும் வேறொரு வகைச் சுரப்பிகள் உள்ளன. பருவம் அடைந்தபின் தொழிற்படும் இவை சற்றுக் கொழுப்பான நீரைக் கசிகின்றன. தோலில் வாழும் நுண்ணுயிர்கள் அந்நீரைச் சிதைக்கும்போதே வாடை பிறக்கிறது. பெரும்பாலோருக்கு வாடையின் காரணம் இதுவே; உணவின் பங்கு அதற்கு அடுத்ததே.

உணவினால் வரும் வாடை

பூண்டை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள கந்தகப் பொருள்களில் ஒன்று குடலிலும் ஈரலிலும் எளிதில் அழியாமல் இரத்தத்தில் கலந்து, மூச்சு வழியாகவும் வியர்வை வழியாகவும் வெளிப்படுகிறது. ஆதலால் வாயைக் கொப்பளித்தாலும் பூண்டு வாடை நெடுநேரம் நிற்கிறது. தயிர் பூண்டின் வாடையைப் பெரிதும் அடக்குவதாக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2023இல் ஆய்வுக்கூடச் சோதனையில் கண்டனர். பூண்டுக் குழம்புக்குப் பின் தயிர்ச்சோறு உண்ணும் நம் வழக்கம் இவ்வகையிலும் நன்றே.

வெந்தயம் மிகுதியாக உண்போரின் வியர்வையிலும் சிறுநீரிலும் வெல்லப்பாகு போன்ற மணம் வீசும், அதனால் தீங்கில்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு வெந்தயம் கொடுத்தால் குழந்தையிடமும் அம்மணம் தோன்றலாம். ஆனால் 1954இல் அமெரிக்காவில் முதன்முதல் விவரிக்கப்பட்ட ஒரு கொடிய பிறவி நோயிலும் சிசுவின் சிறுநீர் பாகு போலவே மணக்கும். அம்மணத்துடன் குழந்தை பால் குடியாமல் சோர்ந்து கிடந்தால், வெந்தயம் என்று வாளாவிருத்தல் கூடாது; உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.

பால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. பாற்சர்க்கரையைச் செரிக்கும் சக்தி வயது வந்தபின் குறைவதே காரணம். அதனால் வயிற்று உப்புசமும் வாயுவும் உண்டாகும். அவ்வாடை குடலைச் சேர்ந்தது, வியர்வையைச் சேர்ந்ததன்று.

மீன் வாடை நோய்

மகாபாரதத்துச் சத்தியவதிக்கு மச்சகந்தி என்று பெயர். மேனியில் மீன் வாடை வீசியதே காரணம் என்பர். அப்படிப்பட்ட நோய் ஒன்று உண்மையில் உண்டு என்பதை மருத்துவ ஏடுகள் 1970இல் பதிவு செய்தன. முட்டை மஞ்சட்கரு, ஈரல், நிலக்கடலை, சோயா முதலியவற்றிலுள்ள கோலின் என்னும் சத்திலிருந்து குடல் நுண்ணுயிர்கள் ஒரு வாயுப் பொருளை உண்டாக்குகின்றன. கடல் மீனிலிருந்தும் அது உண்டாகும். அதை வாடையற்றதாக மாற்றுவது ஈரலின் வேலை. பிறவியிலேயே அத்திறன் குறைந்தவர்க்கு அப்பொருள் மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் வெளிப்படும். இது அரிதான நோய். எத்தனை முறை குளித்தாலும் மீளும் இவ்வாடையை அழுக்கின் அடையாளம் என்று ஏசுவது பெரும் அநியாயம்.

மீனைப் புளி கரைத்த நீரில் அலசினால் கவிச்சி குறைகிறதல்லவா? மேற்சொன்ன பொருள் காரத்தன்மை உடையது. புளிப்பு அதனைக் கட்டுகிறது. இந்நோயாளருக்குச் சிறிது அமிலத்தன்மையுள்ள சோப்பை மருத்துவர்கள் பரிந்துரைப்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் கோலின் உடலுக்கு இன்றியமையாதது; சூல்கொண்ட பெண்களுக்கு மிகவும் வேண்டப்படுவது. மருத்துவரைக் கேளாமல் முட்டையையும் கடலையையும் நிறுத்துதல் தகாது.

எளிய பரிகாரங்கள்

1. நாள்தோறும் அக்குளையும் அரையையும் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். பாசிப்பயற்று மாவும் அழுக்கை நீக்கும்.

2. வியர்த்த துணியை மறுநாள் உடுத்தலாகாது. பருத்தி ஆடையை வெயிலில் உலர்த்தி உடுத்துக.

3. படிகாரத்தை நனைத்து அக்குளில் தடவினால் நுண்ணுயிர் பெருக்கம் குறையும். புண் உள்ள இடத்தில் தடவக்கூடாது. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் தோலை எரிக்கும், தவிர்க்க.

4. ஏதேனும் ஓர் உணவின்மேல் ஐயம் இருப்பின், அதை மட்டும் இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, பின் மீண்டும் உண்டு பார்க்க. பலவற்றை ஒருசேர நிறுத்தினால் உண்மை புலப்படாது.

காலந்தாழ்த்தலாகாத வாடைகள்

நீரிழிவு உள்ளவரின் மூச்சில் பழுத்த பழ வாடை வீசி, வாந்தியும் மயக்கமும் கண்டால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. மூச்சில் சிறுநீர் வாடை சிறுநீரகக் கோளாற்றைக் குறிக்கலாம். பூச்சிமருந்து தெளித்தவரிடம் பூண்டு போன்ற வாடையுடன் மிகு வியர்வையும், வாயில் நீர் ஊறலும், கண்மணி சுருங்கலும் காணப்பட்டால் அது நஞ்சேறியதன் அறிகுறி. உடனே அவருடைய ஆடையைக் களைந்து உடலைக் கழுவி, மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்; கழுவுபவர் தம் மேனியில் மருந்து படாமல் காத்துக்கொள்க.

உடன் வேலை செய்பவரிடம் வாடை கண்டால், பலர் முன்னிலையில் பேசாமல், தனியே அழைத்து இச்செய்திகளை அன்புடன் எடுத்துச் சொல்லுங்கள். ஓர் அங்கத்தினர் வெட்கத்தால் சங்கத்தை விட்டு விலகாமல் காப்பதும் கூட்டுறவுப் பணியே.